தீபாவளிக்கு மர்மக் கதை ஓட்டி மசாலா விற்கலாமா? டர்பனில் ஒரு ஏஆர்ஜி

3 ஜூன் 2024, இரவு 8.40 | கேள்வி, சாட்ஸ்வொர்த் (டர்பன், தென்னாப்பிரிக்கா)

எங்கள் கடையிலிருந்து தீபாவளிக்குப் புது ஆட்டுக்கறி மசாலா வருகிறது. வழக்கமான விளம்பரத்துக்குப் பதில் ஆறு வாரம் ஒரு ஏஆர்ஜி, அதாவது ஒரு கதையை இணையதளம், தொலைபேசி, சுவரொட்டி வழியாக நிஜம்போல ஆட வைக்கும் மாற்று மெய்ம்மை விளையாட்டு, ஓட்டலாம் என்று பேச்சு. கதை இது: டர்பனில் இந்தியத் தொழிலாளர்கள் குடியிருந்த மேகசின் பாராக்ஸில் மசாலா அரைத்த ஒரு பாட்டியின் கைக்குறிப்பேட்டைத் தேடிப் போகிற பேத்தி காணாமல் போகிறாள். பேத்தியின் படத்தோடு 'காணவில்லை' சுவரொட்டி, கையில் இருக்கும் 2,000 வாடிக்கையாளர் எண்களுக்கு இரவில் ஒரு மர்ம அழைப்பு, மூன்று இணையதளம், 40 புதிர். 40 போதுமா? இதெல்லாம் செத்துப்போன சமாச்சாரம் என்கிறார் கூட்டாளி. அதற்கும் பதில் வேண்டும்.

3 ஜூன் 2024, இரவு 9.25 | பதில், பீனிக்ஸ் (டர்பன்)

புதிர்க் கணக்கு இருக்கட்டும் தம்பி. இரவு அழைப்பையும் சுவரொட்டியையும் முதலில் எடுத்துவிடு.

2008இல் அமெரிக்காவில் டொயோட்டா மேட்ரிக்ஸ் காருக்கு ஒரு ஆட்டம் நடந்தது. நீங்கள் ஒரு நண்பரின் பெயரைக் கொடுக்கலாம். அவருக்கு ஒரு கற்பனை ஆசாமியிடமிருந்து மின்னஞ்சல் வரத் தொடங்கும். அப்படி மாட்டிய ஒரு பெண்ணுக்கு ஐந்து நாள், 'போலீஸ் துரத்துகிறது, உன் வீட்டுக்கு வந்துகொண்டிருக்கிறேன்' என்ற தோரணையில் கடிதங்கள். அவர் ஒரு கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டார். 'நிபந்தனைக்கு ஒப்புக்கொண்டு பொத்தானை அழுத்தினாரே' என்று நிறுவனம் வாதிட்டது. ஆளுமைச் சோதனை என்று சொல்லி வாங்கிய சம்மதம் செல்லாது என்று 2011இல் கலிஃபோர்னியா மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது.

இங்கே பாபியா என்கிற தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தின் 69ஆம் பிரிவு இருக்கிறது. சம்மதம் தராதவருக்கு மின்வழியில் விளம்பரம் அனுப்பக் கூடாது. பழைய வாடிக்கையாளருக்குக்கூட, எண்ணை வாங்கும்போதே விளம்பரத்துக்கு என்று சொல்லி, மறுக்க வழியும் வைத்திருந்தால்தான் அனுப்பலாம். உங்கள் 2,000 எண்கள் டெலிவரிக்காக வாங்கியவை என்றால் அவற்றைத் தொடாதே.

'காணவில்லை' சுவரொட்டி சட்டத்தையும் தாண்டிய விஷயம். நம் ஊரில் நிஜமாகவே பிள்ளையைத் தேடுகிறவர்கள் அதே கம்பத்தில்தான் ஒட்டுகிறார்கள். பொய்ச் சுவரொட்டி ஒன்று வெளியே தெரிந்துவிட்டால் அடுத்த நிஜச் சுவரொட்டியை யாரும் நின்று படிக்க மாட்டார்கள். பேத்தி வீட்டிலேயே இருக்கட்டும். குறிப்பேடு தொலைந்தால் போதும், கதை நிற்கும்.

தானாக உள்ளே வந்தவரை மட்டும்தான் இந்த ஆட்டம் தொட வேண்டும். முயல் வளை என்கிற நுழைவாயில் அதற்காகத்தான். அதைக் கண்ணில் படுகிற மாதிரி வை, யாரையும் பிடித்துத் தள்ளாதே.

4 ஜூன் 2024, காலை 6.50 | பீனிக்ஸ்

புதிர்க் கணக்கு.

2001இல் ஸ்பீல்பெர்க்கின் 'ஏ.ஐ.' படத்துக்காக மைக்ரோசாஃப்டுக்குள் ஒரு சிறு குழு செய்த 'தி பீஸ்ட்' தான் இந்த வகையின் மூத்த பிள்ளை. முன்னோட்டத்தின் பெயர்ப் பட்டியலில் ஜெனீன் சல்லா என்று ஒருவர், பதவி 'உணர்வுள்ள இயந்திரங்களுக்கான சிகிச்சையாளர்'. அந்தப் பெயரைத் தேடினால் எதிர்காலத்தில் நடக்கும் ஒரு கொலைக் கதைக்குள் போய் விழுவீர்கள். இன்னொரு வழியும் வைத்திருந்தார்கள்: முன்னோட்டத்தின் எழுத்துகளில் சின்னச் சின்ன வெட்டுகள், எண்ணிப் பார்த்தால் ஒரு தொலைபேசி எண். மூன்று மாதத்துக்கு என்று தயாரித்து வைத்த புதிர்களை 'கிளவுட்மேக்கர்ஸ்' என்ற ஆட்டக்காரர் குழு முதல் நாளிலேயே முடித்துவிட்டதாக, செய்தவர்களில் ஒருவரான ஈலன் லீ சொல்லியிருக்கிறார். அந்தக் குழுவில் 7,000க்கு மேற்பட்ட உறுப்பினர்கள். அதன் பிறகு வாராவாரம் உட்கார்ந்து புதிதாக எழுதித்தான் ஓட்டினார்கள்.

ஒருவர் எட்டு மணி நேரம் மண்டையை உடைக்கும் புதிரை நூறு பேர் சேர்ந்தால் பத்து நிமிடத்தில் உடைப்பார்கள். அதில் ஒருவருக்கு மோர்ஸ் தெரியும், ஒருவர் மருந்தாளர், ஒருவருடைய ஆயாவுக்குத் தமிழ் எண் தெரியும். ஆகவே 40 புதிர் செய்தால் 40ஐயும் தின்றுவிட்டு அடுத்தது எங்கே என்பார்கள். 400 செய்தாலும் அதே கதைதான். காசையும் ஆளையும் புதிரில் கொட்டாதே, பதில் சொல்வதில் கொட்டு. ஆட்டக்காரர் கடிதம் போட்டால் பேத்தி பதில் எழுதுகிறாள்; அவர்கள் கண்டுபிடித்த ஒன்று மறுநாள் கதைக்குள் வருகிறது. சூத்திரதாரி வேலை அதுதான்.

என் கணக்கு: வாரம் ஒரு பெரிய பூட்டு (சரியான விடை தட்டினால்தான் கதை மேலே திறக்கும்), இரண்டு சின்ன புதிர். இவற்றுக்கு மேல் நான்கு புதிர் வெளியே விடாமல் கையிருப்பில் இருக்கட்டும்.

4 ஜூன் 2024, மதியம் 1.10 | பீட்டர்மாரிட்ஸ்பர்க், இணையதள வேலை

ரகசியம் புதிரில் கசியாது, கட்டுமானத்தில் கசியும். எங்கெங்கே என்று சொல்கிறேன்.

டிஎல்எஸ் சான்றிதழ், அதாவது இணையதளத்துக்கான பாதுகாப்புச் சான்றிதழ்: ஒவ்வொரு துணை டொமைனுக்கும் (தள முகவரிக்கு முன்னால் சேர்க்கும் பெயர்) தனிச் சான்றிதழ் எடுத்தால் அந்தப் பெயர் பொதுப் பதிவேட்டில் ஏறிவிடும். ஏஆர்ஜி ஆடுகிறவர்கள் முதல் நாளே அங்கேதான் பார்ப்பார்கள். 'முடிவு', 'பரிசு' என்று துணை டொமைன் வைத்தால் கதை போச்சு. எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒரு வைல்ட்கார்டு சான்றிதழ் எடுங்கள்.

ரோபாட்ஸ் கோப்பு: தளத்தில் இருக்கும் இதை யாரும் திறந்து படிக்கலாம். தேடுபொறிக்குக் காட்டாதே என்று ரகசியப் பக்கங்களை அதில் வரிசையாக எழுதுவது, சாவியை வாசலில் மாட்டுவது. எழுதாதீர்கள். பக்கத்தை நேரம் வரும்வரை சர்வரில் ஏற்றவே ஏற்றாதீர்கள்.

கோப்புப் பெயர்: படம் 01, படம் 02 என்று வைத்தால் 03ஐத் தட்டிப் பார்ப்பார்கள். தொடர்பில்லாத நீண்ட பெயர் வையுங்கள்.

படத்தின் உள்தகவல்: கைபேசியில் எடுத்த படத்தில் இடமும் தேதியும் இருக்கும். உங்கள் அலுவலகத்தில் எடுத்தால் அலுவலகமே தெரியும். வேண்டுமென்று வைப்பதானால் நல்ல புதிர். வேண்டாம் என்றால் அழித்துவிட்டு ஏற்றுங்கள்.

கைபேசி எண்: சிம் பதிவுக்கான ரிக்கா சட்டப்படி ஒவ்வொரு சிம்மும் யாரோ ஒருவர் பெயரிலோ நிறுவனப் பெயரிலோ பதிவாக வேண்டும். ஆட்டக்காரர்கள் அந்தப் பதிவைப் பார்க்க முடியாது, ஆனால் அழைப்பவர் பெயரைக் காட்டும் ட்ரூகாலர் செயலி வேறு வழியில் காட்டிக் கொடுத்துவிடும். ஏற்கெனவே கடைக்குப் பயன்பட்ட எண்ணைப் பேத்திக்குக் கொடுத்தால் 'மசாலாக் கடை டெலிவரி' என்று திரையில் விழும். புது சிம் வாங்குங்கள். யாருடைய கைபேசியிலும் அதைக் கடைப் பெயரில் சேமிக்காதீர்கள், ட்ரூகாலருக்குப் பெயர் அப்படித்தான் போகிறது.

பேத்தியின் முகம்: இணையத்தில் கிடைக்கும் படத்தை எடுத்தால் படத்தேடலில் அசல் ஆள் வந்து நிற்பார். சம்மதம் எழுதி வாங்கிய நடிகையை வைத்துப் புதிதாக எடுங்கள்.

4 ஜூன் 2024, மாலை 5.30 | கேள்வி, சாட்ஸ்வொர்த்

சரி அக்கா, சான்றிதழ் விஷயம் எங்கள் யாருக்கும் தெரியாது. எல்லாவற்றையும் வாட்ஸ்ஆப் குழுவில் ஓட்டினால் இந்தத் தொல்லை இல்லையே?

4 ஜூன் 2024, இரவு 8.05 | பீட்டர்மாரிட்ஸ்பர்க்

வாட்ஸ்ஆப் சரி, குழு வேண்டாம். குழுவில் சேர்ந்தவர் எண் எல்லோருக்கும் தெரியும். முன்பின் தெரியாத ஆயிரம் பேருக்குப் பெண்பிள்ளைகளின் எண்ணைக் காட்டிக் கொடுக்கிற வேலை. பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேர்தான், அதிலும் உங்கள் எண்ணைச் சேமித்தவருக்கு மட்டுமே போகும். கதைக்கு சேனல் வையுங்கள், பின்தொடர்கிறவர் எண் மற்றவருக்குத் தெரியாது. பேத்தியோடு பேசத் தனியாக ஒரு எண்.

அந்த எண்ணை வணிக ஏபிஐயில், அதாவது நிரல் வழியாகச் செய்தி அனுப்பும் வாட்ஸ்ஆப் சேவையில், போட ஆசைப்பட்டால் இரண்டு தடங்கல். காட்சிப் பெயர் நிறுவனத்தோடு பொருந்த வேண்டும், கற்பனைப் பெயர் தேறாது. ஆட்டக்காரர் கடைசியாக எழுதி 24 மணி நேரம் தாண்டிவிட்டால், முன்கூட்டி அனுமதி வாங்கிய வார்ப்புருச் செய்தி மட்டுமே போகும். சின்ன ஆட்டத்துக்குச் சாதாரண சிம்மில் வணிகச் செயலி போதும்.

இன்னொன்று நம் நாட்டுக்கே உரியது. பலர் வாட்ஸ்ஆப்புக்கு மட்டும் ஓடும் டேட்டா பண்டிலைத்தான் போட்டுக்கொள்கிறார்கள். அந்த டேட்டாவில் வெளி இணையதளம் திறக்காது, யூடியூப் ஓடாது. முக்கியமான துப்பு எல்லாம் வாட்ஸ்ஆப்புக்குள்ளேயே படமாகவும் எழுத்தாகவும் வந்துவிட வேண்டும். இணையதளத்தில் இருப்பது கூடுதல் சுவைக்கு மட்டும்.

ஆனால் வாட்ஸ்ஆப் படத்தைச் சுருக்கும், உள்தகவலை அழிக்கும். படப்புள்ளி ஒவ்வொன்றின் நிற எண்ணிலும் கடைசி பிட்டைக் கண்ணுக்குத் தெரியாதபடி மாற்றி ஒளித்த எதுவும் பிழைக்காது. அப்படி ஒளித்த படத்தை டாக்குமென்ட்டாக அனுப்புங்கள், அப்படியே போகும். ஆட்டக்காரர் அதை இன்னொருவருக்குப் படமாக அனுப்பினால் அங்கே செத்துவிடும். 'எனக்கு ஒன்றும் தெரியவில்லையே' என்று பத்து பேர் எழுதுவார்கள். அதற்கு ஒரு பதிலைத் தயாராக வையுங்கள்.

5 ஜூன் 2024, காலை 7.15 | பீனிக்ஸ்

ஒலியில் ஒளிக்க ஆசை இருந்தால் அக்கா சொன்னது அங்கும் பொருந்தும். 2007இல் நைன் இஞ்ச் நெயில்ஸ் இசைக்குழுவின் 'இயர் ஜீரோ' ஆட்டத்தில், லிஸ்பன் கச்சேரி நடந்த இடத்துக் கழிப்பறையில் ஒரு யூஎஸ்பி கிடந்தது. அதிலிருந்த பாட்டின் கடைசி இரைச்சலை, ஒலியைப் படமாகக் காட்டும் ஸ்பெக்ட்ரோகிராமில் போட்டால் வானத்திலிருந்து இறங்கும் ஒரு கை தெரிந்தது. யூஎஸ்பியில் உயர்தரக் கோப்பு இருந்ததால் அது முடிந்தது. வாட்ஸ்ஆப் குரல் செய்தியில் உயர் அதிர்வெண் எல்லாம் சீவப்பட்டுவிடும். ஒளிக்கும் படத்தை 300க்கும் 3,400 ஹெர்ட்ஸுக்கும் நடுவில் அடங்கும்படி வரைந்துகொள். சாதாரணத் தொலைபேசி அழைப்பில்கூடத் தங்கும். கோடுகள் தடியாக, எழுத்து நான்கைந்துக்கு மேல் வேண்டாம். ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் ஸ்பெக்ட்ரோகிராம் காட்சி இலவசமாகவே இருக்கிறது, நீயே சோதித்துப் பார்க்கலாம். அனுப்பிப் பெற்ற கோப்பைச் சோதி. உன் கணினியில் இருக்கும் மூலத்தைச் சோதித்துப் பயனில்லை.

5 ஜூன் 2024, இரவு 9.00 | பீனிக்ஸ்

இன்று வேறொன்று உறைத்தது. உன் ஆறு வாரம் எங்கே விழுகிறது பார்த்தாயா? தீபாவளி அக்டோபர் 31. ஆறு வாரம் முன்னால் என்றால் புரட்டாசி தொடங்கியிருக்கும். டர்பனில் பாதித் தமிழ் வீட்டில் கறி ஏறாத மாதம், நீ ஆட்டுக்கறி மசாலா விற்கிறாய்!

இதையே சாதகமாக்கலாம். குறிப்பேட்டைத் தேடும் கதை புரட்டாசி முழுக்க நடக்கட்டும். அதில் கறிப் பேச்சே வேண்டாம். சனிக்கிழமை மாலை, விளக்கேற்றிப் படையல் முடிந்து குடும்பம் கூடியிருக்கும் நேரத்துக்குப் பிறகு ஒரு அத்தியாயம். செப்டம்பர் 21, 28, அக்டோபர் 5, 12, நான்கு சனி கையில் இருக்கிறது. புரட்டாசி முடிந்து வீட்டில் சட்டி மாறுகிற வாரத்தில் கடைசிப் பக்கம் கிடைக்கிறது, மசாலா கடைக்கு வருகிறது. காத்திருப்பு வீட்டில் ஏற்கெனவே இருக்கிறது, நீ புதிதாக உண்டாக்க வேண்டியதில்லை.

கோயிலுக்குள் துப்பு வைக்காதே. அம்கேனி சாலைக் கோயில் கோபுரத்தைப் படமெடுத்துப் புதிராக்கும் யோசனை யாருக்காவது வரும். சாமி கும்பிட வந்தவர் நடுவே கைபேசியை நீட்டிக்கொண்டு கூட்டம் சுற்றினால் உன் கடைப் பெயர் ஊர் முழுக்க நாறும்.

ஆகவே ஆறு வாரத்தை நான்காகக் குறை. ஆள் கணக்கும் அதையே சொல்கிறது. காலை 6 முதல் இரவு 11 வரை யாராவது கண்ணை வைத்திருக்க வேண்டும், ஒரு நாளைக்கு 17 மணி. ஆறு வாரத்துக்கு 714 மணி நேரம், நான்கு வாரத்துக்கு 476. சின்னக் கடைக்கு இந்த வித்தியாசம் ஒரு ஆளின் சம்பளம்.

6 ஜூன் 2024, காலை 10.20 | கேள்வி, சாட்ஸ்வொர்த்

புரட்டாசி விஷயம் வீட்டில் சொன்னேன், அம்மா கைதட்டினார். கூட்டாளிக்கும் சம்மதம். அண்ணா, தமிழ் எண் பற்றிப் போகிற போக்கில் சொன்னீர்களே, அதில் புதிர் எப்படி? எங்கள் வயதுக்காரர்கள் பலருக்குத் தமிழ் பேசவே தடுமாற்றம், எழுத்து சுத்தமாக வராது.

6 ஜூன் 2024, இரவு 7.45 | பீனிக்ஸ்

எழுத்து வராதது நல்லதுதான், பேரன் பாட்டியிடம் போக வேண்டி வரும். மசாலா விற்கிறவனுக்கு வேறென்ன வேண்டும்?

பழைய தமிழ் எண்கள் எழுத்தின் சாயலில்தான் இருக்கும். ௧ பார்க்க க, ௨ பார்க்க உ, ௪ பார்க்க ச, ௫ பார்க்க ரு, ௬ பார்க்க சு, ௭ பார்க்க எ, ௮ பார்க்க அ, ௯ பார்க்க கூ. குறிப்பேட்டில் ஒரு மளிகைச் சீட்டு: 'கடுகு, உளுந்து, எள், அரிசி'. முதல் எழுத்துகள் க உ எ அ, அதாவது 1278. பெட்டியின் பூட்டு எண். பார்க்கிறவருக்குச் சாதாரணச் சீட்டு. சீட்டின் மூலையில் பாட்டி தேதியைத் தமிழ் எண்ணில் எழுதியிருப்பது மட்டும்தான் சாவி.

சிக்கல்களைச் சொல்லிவிடுகிறேன். கொத்தமல்லி போட்டால் கொ என்பதை க என்று எடுப்பதா வேண்டாமா என்று அரைநாள் சண்டை. சீரகமும் அப்படியே. மேலே சொன்ன எழுத்தில் ஒன்று அப்படியே முதலில் வரும் சொல்லை மட்டும் வை. சுக்கு போட்டால் 6. பாதிப் பேர் 4 என்பார்கள், அதைத் தெரிந்தே வைத்தால் நல்ல பொறி. ரு வேண்டுமென்றால் ருசி தவிர வீட்டுச் சொல் கிடைப்பது கடினம். ௩ ங போல இருக்கும், அதில் தொடங்கும் சொல் இல்லை. சுழியத்துக்கு எழுத்தே இல்லை. ஆக 3ம் 0வும் வராத எண்ணாகப் பார். நம் கைபேசி எண் எல்லாம் 0வில் தொடங்குவதால் இதைத் தொலைபேசி எண்ணுக்குப் பயன்படுத்த முடியாது, பூட்டுக்கு மட்டும்.

நான்கு இலக்கப் பூட்டு பலவீனம். எட்டு இலக்கங்களை வைத்து நான்கு இடம் என்றால் 4,096 வாய்ப்பு. நொடிக்கு ஒன்று தட்டும் சின்ன நிரல் 70 நிமிடத்துக்குள் உடைத்துவிடும். ஒரே இடத்திலிருந்து ஐந்து தவறு வந்தால் பத்து நிமிடம் மூடு.

6 ஜூன் 2024, இரவு 10.30 | பீட்டர்மாரிட்ஸ்பர்க்

விடை தமிழ்ச் சொல்லாக இருந்தால் சோதிக்கும் நிரலில் கவனம். 'கொ' என்பதில் இருக்கும் ஒகரக் குறியை ஒற்றைக் குறியாகவும் சேமிக்கலாம், ஒற்றைக்கொம்பும் காலுமாக இரண்டாகவும் சேமிக்கலாம். திரையில் ஒரே மாதிரி இருக்கும், கணினிக்கு வேறு வேறு. சரியான விடை தட்டியவருக்குத் 'தவறு' என்று வந்தால் அவர் திரும்பி வரமாட்டார். தட்டியதையும் உங்கள் விடையையும், இப்படிப்பட்ட வேறுபாடுகளை ஒன்றாக்கும் யூனிகோடின் என்எஃப்சி வடிவத்துக்கு மாற்றி ஒப்பிடுங்கள். 'ஔ'வை ஒ, ள என்று இரண்டெழுத்தாகத் தட்டுவார்கள், அது என்எஃப்சியில் சரியாகாது, தனியாக ஏற்றுக்கொள்ளுங்கள். 'ஸ்ரீ' வரும் விடையே வேண்டாம், அதற்கு இரண்டு எழுத்து வடிவம் புழங்குகிறது.

அதைவிட, இங்கே பெரும்பாலோர் ரோமன் எழுத்தில்தான் தட்டுவார்கள். ஒருவர் இரட்டை எழுத்து போடுவார், ஒருவர் ஒற்றை. நான் சொல்லும் வழி: பெரிய எழுத்தைச் சிறியதாக்கு, இடைவெளியை நீக்கு, ஹெச் எழுத்தை எல்லாம் எடு, அடுத்தடுத்து வரும் ஒரே எழுத்தை ஒன்றாக்கு. அதன் பிறகு ஒப்பிடு. பெரும்பாலான எழுத்துக்கூட்டல் வேறுபாடு இதில் அடங்கிவிடும். கொத்தமல்லியை இங்கே தனியா என்றும் சொல்வார்கள், அந்தச் சொல்லையும் விடைப் பட்டியலில் சேர்க்க வேண்டும்.

8 ஜூன் 2024, மாலை 4.00 | பீனிக்ஸ்

பரிசு பற்றி யாரும் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2008, பிரிவு 36. குலுக்கல் எந்த வடிவத்தில் இருந்தாலும், புதிர் போட்டு வடிகட்டிவிட்டுக் குலுக்கினாலும், இது பொருந்தும். கலந்துகொள்ளக் கட்டணம் கூடாது. மின்வழியில் அனுப்பும் செலவு 1.50 ராண்டுக்கு மேல் போகக் கூடாது. சுயேச்சையான கணக்காளரோ பதிவு பெற்ற தணிக்கையாளரோ வழக்கறிஞரோ மேற்பார்த்துச் சான்று தர வேண்டும். ஆவணங்களை மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். கடைக்காரர், ஊழியர், சரக்கு தருகிறவர் யாருக்கும் பரிசு போகக் கூடாது. 'நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள்' என்று கதைக்காகக்கூடப் பொய்யாக எழுதாதே. பேத்தி உற்சாகத்தில் அப்படி ஒரு வரி தட்டினால் சட்டப்படி குற்றம் உன்மேல்.

பரிசை எல்லோருக்கும் கிடைப்பதாக வைப்பது என் விருப்பம். கடைசிப் பூட்டைத் திறந்த அனைவருக்கும் குறிப்பேட்டின் செய்முறைப் பக்கம், நல்ல தாளில். குலுக்கலே வேண்டாம், சட்டத் தலைவலியும் குறையும்.

விளம்பரம் என்பதை மறைக்கவும் கூடாது. விளம்பர ஒழுங்குமுறை வாரியத்தின் நெறி, விளம்பரம் விளம்பரமாகத் தெரிய வேண்டும் என்கிறது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் சின்னதாக 'இது ஒரு கதை விளையாட்டு, நடத்துவது இன்ன கடை' என்று போட்டு, நிபந்தனைப் பக்கத்துக்கு இணைப்புக் கொடு. ஆட்டக்காரர் அதைப் பார்த்துவிட்டு மனமறிந்து நம்புகிற பாவனையில் ஆடுவார், ஆட்டம் கெடாது. 18 வயதுக்குக் கீழ் உள்ளவரின் தகவலை வாங்கப் பெற்றோர் சம்மதம் வேண்டும், அதனால் பெயர், பிறந்த நாள் எதையும் கேட்காமல் இருப்பதே நல்லது.

9 ஜூன் 2024, இரவு 8.20 | கேள்வி, சாட்ஸ்வொர்த்

நேரில் ஒரு நிகழ்ச்சி வைக்காமல் இருக்க மனசு வரவில்லை. விக்டோரியா தெரு மார்க்கெட்டில் ஒரு பெட்டியை ஒளித்து வைத்தால்?

9 ஜூன் 2024, இரவு 9.10 | பீனிக்ஸ்

ஆளில்லாத பெட்டி கூடாது. 2007 ஜனவரி 31 அன்று பாஸ்டனில் ஒரு கார்ட்டூன் தொடருக்காக விளக்கு எரியும் பலகைகளைப் பாலங்களிலும் சுவர்களிலும் மாட்டினார்கள். வெடிகுண்டோ என்று நகரத்தின் சாலைகளை மூடினார்கள். அந்தத் தொடரை ஒளிபரப்பிய டர்னர் நிறுவனத் தரப்பு 20 லட்சம் டாலர் கட்டியது, கார்ட்டூன் நெட்வொர்க் தலைவர் பதவி விலகினார்.

அதே ஆண்டு டிசம்பரில் 'தி டார்க் நைட்' படத்துக்காக 42 என்டர்டெயின்மென்ட் என்ற ஏஆர்ஜி நிறுவனம் செய்ததைப் பார். பேக்கரிக்குப் போய் ஒரு பெயரைச் சொன்னால் ஒரு கேக் தருவார்கள். கேக்கின் மேல் ஒரு தொலைபேசி எண், உள்ளே ஒரு கைபேசி. பொருள் கடைக்காரர் கையில் இருந்தது, கேட்டவருக்கு மட்டும் போனது. நீயும் அதைச் செய். மார்க்கெட்டில் உனக்குத் தெரிந்த ஒரு மசாலாக் கடைக்காரரிடம் பெட்டியைக் கொடு. ஆட்டக்காரர் வந்து, 'பாட்டிக்கு என்ன மஞ்சள் வேண்டும்?' என்ற கேள்விக்குச் சரியான பதிலைச் சொன்னால், மஞ்சள் பொட்டலத்தில் சுற்றிய ஒரு தாள். கடைக்காரருக்கு எழுதிக் கொடுக்க வேண்டியது மூன்றே வரி: என்ன கேட்பது, எந்தப் பதிலுக்குத் தருவது, தவறாகச் சொன்னால் என்ன சொல்லி அனுப்புவது. தாள் 60 எடுத்து வை, 20 தீர்ந்ததும் அவர் உனக்குச் செய்தி அனுப்பட்டும்.

பகல் 10 முதல் 2 வரை மட்டும். கைபேசியை நடுத்தெருவில் நீட்டிக்கொண்டு நிற்க வைக்கிற எந்தப் புதிரும் வேண்டாம், பறித்துக்கொண்டு போவார்கள். ஜிபிஎஸ் புள்ளி கொடுத்துத் தனியாக ஒருவரை எங்கும் அனுப்பாதே. 2004இல் 'ஹேலோ 2' விளையாட்டுக்கான 'ஐ லவ் பீஸ்' ஆட்டத்தில் பொதுத் தொலைபேசிகளின் ஆயத்தொலைவையும் நேரத்தையும் மட்டும் கொடுத்து ஆட்களை வரவழைத்தார்கள், மணி அடித்ததும் எடுக்க வேண்டும். மிக அழகான ஆட்டம். அதை அப்படியே இங்கே கொண்டு வந்தால் யாராவது அடிபடுவார்கள்.

பொட்டலத்தில் க்யூஆர் போடுவதானால் 2.5 செ.மீ. பக்கம், 25 செ.மீ. தூரத்தில் படிக்கும். சுற்றிலும் நான்கு கட்ட அகலம் வெறுமையாக விடு. எச் நிலைப் பிழைத்திருத்தம் எடுத்தால் சுமார் 30 விழுக்காடு அழிந்தாலும் படிக்கும். மஞ்சள் கறைக்கு அது தேவை. பளபளப்புத் தாளில் அடிக்காதே, விளக்கொளி தெறிக்கும். மடிப்பு குறியின் குறுக்கே போகக் கூடாது.

10 ஜூன் 2024, காலை 8.00 | பீட்டர்மாரிட்ஸ்பர்க்

மின்வெட்டு மார்ச் கடைசியிலிருந்து இல்லை, ஆனாலும் திட்டத்தில் எழுதி வையுங்கள். டவர் பேட்டரி தீர்ந்தால் ஒரு பேட்டைக்கே சிக்னல் இருக்காது. 'இன்று இரவு 8 மணிக்கு மட்டும் திறக்கும்' என்று பூட்டு வைத்தால் வெட்டு விழுந்த பேட்டைக்காரர் ஆட்டத்தை விட்டே போய்விடுவார். நேரம் வைத்த எதுவும் குறைந்தது 24 மணி நேரம் திறந்திருக்கட்டும்.

10 ஜூன் 2024, இரவு 9.40 | பீனிக்ஸ்

கூட்டாளியின் கேள்விக்கு வருகிறேன், செத்துப்போன சமாச்சாரமா என்பது.

பெரிய படக் கம்பெனிகள் கோடிக்கணக்கில் கொட்டி மாதக்கணக்கில் ஓட்டியது பெரும்பாலும் 2001க்கும் 2011க்கும் இடையில். 'தி டார்க் நைட்' ஆட்டத்தில் 75 நாடுகளிலிருந்து ஒரு கோடிக்கு மேற்பட்டோர் கலந்துகொண்டதாக நடத்தியவர்கள் சொன்னார்கள். 2008இல் பெய்ஜிங் ஒலிம்பிக்ஸை ஒட்டி மெக்டொனால்ட்ஸ் காசில் நடந்த 'தி லாஸ்ட் ரிங்' ஆட்டத்தில், நினைவிழந்த நாயகி கண் விழிப்பது நம் ஜொஹானஸ்பர்கில், கையில் எஸ்பெராண்டோ என்ற செயற்கை மொழியில் ஒரு வாசகம் பச்சை குத்தியிருக்கும். அந்த அளவுக்கு இனி யாரும் காசு போடுவது அரிது. காரணம் எளிது: ஆழமாக ஆடுகிறவர்கள் சில ஆயிரம், வேடிக்கை பார்க்கிறவர்கள் மீதி, செலவெல்லாம் அந்தச் சில ஆயிரம் பேருக்கு. விளம்பரக் கணக்கில் அது உதைக்கும்.

காசு வாங்கி ஓட்டியதும் தேறவில்லை. எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸின் 'மெஜஸ்டிக்' 2001 ஜூலையில் தொடங்கி 2002 ஏப்ரலில் மூடியது. அன்றைய பங்கை முடித்தவரை அடுத்த துப்பு வரும்வரை காக்க வைத்தார்கள். கூட ஆடப் பெரிய கூட்டமும் இல்லாமல் தனியாகக் காத்திருப்பது யாருக்கும் பிடிக்காது.

ஆனால் உன் கடைக்கு ஒரு கோடிப் பேர் எதற்கு? சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ், வெருலம், டோங்காட், இதற்குள் முந்நூறு குடும்பம் நான்கு சனிக்கிழமை உட்கார்ந்து பேசினால் அதுவே பெரிய அறுவடை. பாட்டியின் எழுத்தைப் பேரன் படிக்கக் கற்றுக்கொள்கிற ஆட்டத்தை லாஸ் ஏஞ்சலஸ் ஏஜென்சி செய்ய முடியாது, நீ செய்யலாம். அதனால்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

வரவைக் கூட்டி அளக்காதே. நான்கு எண் போதும்: சேனலில் சேர்ந்தவர், முதல் பூட்டைத் திறந்தவர், பேத்திக்கு ஒரு முறையாவது எழுதியவர், கடைசிப் பக்கத்தோடு கடைக்கு வந்தவர். இரண்டாவது எண் முதலாவதில் பத்தில் ஒன்றுக்கும் கீழே போனால் முதல் புதிர் கடினம்; திங்கட்கிழமையே பேத்தி ஒரு குறிப்பைக் கசியவிட வேண்டும்.

ஒன்று விட்டுப்போயிற்று. 'இதுவரை நடந்தது' என்று ஒரு பக்கம், ஒவ்வொரு ஞாயிறும் புதுப்பி. பெரிய ஆட்டங்களில் ஆட்டக்காரர்களே அதை எழுதிவிடுவார்கள். முந்நூறு குடும்பத்தில் அப்படி ஒருவர் கிடைப்பது உறுதியில்லை. மூன்றாம் வாரம் கேள்விப்பட்டு வருகிறவர் பத்து நிமிடத்தில் கதையைப் பிடிக்க முடியாவிட்டால் திரும்பிப் போய்விடுவார்.

12 ஜூன் 2024, மாலை 6.15 | கேள்வி, சாட்ஸ்வொர்த்

பேத்தியாக எழுத என் தங்கை ஒத்துக்கொண்டாள். நானும் மாற்றி மாற்றி எழுதலாமா? ஆட்டம் முடிந்த பிறகு அந்த எண்ணை, இணையதளத்தை என்ன செய்வது?

12 ஜூன் 2024, இரவு 8.50 | பீனிக்ஸ்

மாற்றி எழுதாதே. ஒரு பாத்திரத்துக்கு ஒரு கை. இரண்டு பேர் எழுதினால் முற்றுப்புள்ளி வைக்கும் விதத்திலேயே பிடித்துவிடுவார்கள். தங்கைக்கு இரண்டு பக்கத்தில் ஒரு தாள் எழுதிக் கொடு: பேத்திக்கு என்ன தெரியும், எந்தத் தேதி வரை என்ன தெரியாது, எந்தச் சொல்லை வழக்கமாகச் சொல்வாள், எதற்குப் பதில் தரமாட்டாள். அனுப்பிய ஒவ்வொரு பதிலும் ஒரு விரிதாளில் ஏறட்டும்; பத்தாம் நாள் அத்தை ஊர் டோங்காட் என்று சொல்லிவிட்டு இருபதாம் நாள் ஸ்டாங்கர் என்றால் அதை ஒரு துப்பு என்று நினைத்து ஒரு கூட்டமே அலையும். பதில் உடனே போக வேண்டாம், இருபது நிமிடமாவது ஆகட்டும். யாராவது மனம் உடைந்து நிஜக் கஷ்டத்தை எழுதினால் அந்த நொடியே பாத்திரத்தை விட்டு வெளியே வந்து, கடைக்காரராகச் சொந்தப் பெயரில் பேச வேண்டும். தகாத செய்தி வந்தால் தங்கை பதில் சொல்லத் தேவையில்லை, அதை நீ எடுத்துக்கொள். அவள் சொந்தக் கைபேசியில் அந்த சிம்மைப் போடக் கூடாது.

முடிவு நாளன்று கதை முடிந்தது என்று தெளிவாகச் சொல். பேத்தி எல்லோருக்கும் நன்றி எழுதட்டும், யார் யார் நடித்தார்கள், எந்தப் புதிரை யார் செய்தார்கள் என்று ஒரு பக்கம் போடு. மௌனமாக விட்டால் இன்னும் ஏதோ இருக்கிறது என்று தேடிக்கொண்டே இருப்பார்கள். பேசிய எண்களை எல்லாம் அழி, போட்டி ஆவணம் இருந்தால் அதை மட்டும் மூன்று ஆண்டு வை. சிம்மைக் குறைந்தது ஆறு மாதம் உயிரோடு வைத்து, தானியங்கிப் பதிலில் 'ஆட்டம் முடிந்தது' என்று போடு. விட்டுவிட்டால் அந்த எண் வேறு ஒருவருக்குப் போகும், நடுராத்திரியில் அவரைக் குறிப்பேடு கேட்பார்கள். டொமைனையும் மூன்று ஆண்டுக்குச் சேர்த்தே வாங்கு. பொட்டலத்து க்யூஆர் அதைத்தான் காட்டும், காலாவதியானால் சூதாட்டத் தளக்காரன் வாங்கிக்கொள்வான்.